நேர்ந்த முடிக்குக் கண்டிஷனர்

நீளமாக முடி வைத்திருக்கும் ஆண்களுக்குக் கண்டிஷனர் தேவையா என்று யாராவது கேட்டால், பதினைந்து வருடமாக பியூட்டி பார்லர் நடத்தும் எனக்கு இன்றைக்கும் சட்டென்று பதில் வராது. தொழில் தெரியாததால் இல்லை. அந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்ட மனிதரால். அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கி ஒன்றரை வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என்னதான் சொன்னேன் என்பதில் எனக்கே நிச்சயமில்லை.

அப்போது என் பார்லர் மந்தாரக்குப்பம் கடைவீதியில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். கல்யாணமான பிறகும் ஊரை விட்டுப் போகாமல், சின்னதாக ஒரு கடை பிடித்து, வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டியிருந்தேன்.

ஒரு மத்தியானம், பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்குத் தலையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது, வெளியில் படிக்குக் கீழே ஒரு ஆள் வந்து நின்றார். காக்கி பேன்ட், தூசி படிந்த ஷூ, தலையில் மஞ்சள் ஹெல்மெட். முதல் ஷிப்ட் முடித்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி என்று பார்த்தவுடனே தெரிந்தது. போர்டை ஒருமுறை படித்தார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தபடியே கேட்டார்.

"மேடம், நீளமா முடி வச்சிக்கினு இருக்கற ஆம்பளைங்களுக்குக் கண்டிஷனர் தேவைங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. யாரோ பந்தயம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "யாருக்குண்ணே?" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு துண்டு. துண்டை அவிழ்த்ததும் இடுப்பு வரைக்கும் முடி விழுந்தது. விழுந்தது என்று கூடச் சொல்ல முடியாது, இறங்கி நின்றது. பழுப்பு நிலக்கரித் தூசியும் வியர்வையும் சேர்ந்து பல இடங்களில் கயிறாக முறுக்கிக் கிடந்தது. டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீதியில் அவ்வளவு முடி எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

"சலூன்ல கேட்டேன். அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், பார்லர்ல கேளுன்னாரு. மெடிக்கல்ல கேட்டா ஷாம்பு மட்டும் போதும்ன்றாரு. நீங்க உறுதியா தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா பரவால்ல."

"முடிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுண்ணே. நீளமா இருந்தா சிக்கு விழும். சிக்கு விழுந்தா கண்டிஷனர் போடணும்" என்றேன்.

"அது சரிதாங்க. ஆனா எல்லா பாட்டில்லயும் பொம்பள படந்தான போட்டிருக்கு?"

ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, ஷாம்பு போட்டு அலசிய பிறகு தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவச் சொன்னேன்.

"ரெண்டா, மூணா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நான் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்திருந்தார்.

"மூணு" என்றேன்.

அதுதான் அவருடைய குணம். எதையும் உறுதி செய்துகொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். என் கணவருக்குத் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர்தான் அவருக்கு மேலே இருந்தார். அந்த சூப்பர்வைசர் சொல்லிச் சிரிப்பார். முடி காரணமாக இவரை கன்வேயர் பெல்ட் பக்கம் விடாமல், சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பில் போட்டிருந்தார்களாம். 'வால்வைக் கொஞ்சம் மூடு' என்றால் எத்தனை சுற்று என்று கேட்பாராம். 'ரெண்டு சுற்று' என்றால் முழுச் சுற்றா என்பாராம். கடைசியில் எல்லா வால்வுகளிலும் இவரே சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டார். "பைத்தியம் பிடிக்க வச்சிருவான். ஆனா அவன் ஷிப்ட்ல மட்டும் ஒரு கம்ப்ளெயின்ட் வராது" என்பார் சூப்பர்வைசர்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். அதே படிக்குக் கீழே நின்றார்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரியே மூணு நிமிஷம். மொபைல்ல டைம் வச்சி பாத்தேன். சிக்கு போயிடுச்சி. ஆனா இப்ப கொண்டை நிக்க மாட்டேங்குது. நழுவிக்கினு வந்து ஹெல்மெட்டுக்கு வெளியில விழுது. சூப்பர்வைசர் திட்றாரு. அப்ப போட்டது சரியா, தப்பா?"

இப்போது எனக்கே குழப்பம் வந்தது. பயிற்சி வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்று சாயங்காலம் மொபைலில் தேடிப் பார்த்தேன். தாடி வைத்த ஒருவர், ஆண்கள் கண்டிப்பாகப் போட வேண்டும் என்றார். இன்னொருவர், ஆண்களின் தலையில் எண்ணெய்ப் பசை அதிகம், போட்டால் முடி கொட்டும் என்றார். ஒரு பெண் டாக்டர் ஷாம்புக்கு முன்னால் போடச் சொன்னார். மூன்றையும் கேட்டு முடித்தபோது, அதுவரை எனக்குத் தெரிந்திருந்ததும் மறந்துபோன மாதிரி இருந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு யோசனை சொன்னேன். வலது பாதிக்கு மட்டும் போடுங்கள், இடது பாதியைச் சும்மா விடுங்கள், ஒரு வாரம் பார்ப்போம். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். அடுத்த வாரம் வந்து துண்டை அவிழ்த்தார். வலது பக்கம் விளம்பரத்தில் வருகிற முடி. இடது பக்கம் தேங்காய்நார். கூட வேலை பார்ப்பவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். அவர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை.

"வலது பக்கம் நழுவுது. இடது பக்கம் சிக்குது. சீவும்போது இடது பக்கம் உசுரு போவுது. எதுங்க சரி?"

"பின்னல் போட்டுக்குங்கண்ணே. நுனிக்கு மட்டும் கண்டிஷனர், வேருக்கு வேணாம். இறுக்கிப் பின்னினா நழுவாது."

"உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியா சொல்றேன்" என்றேன், ஒன்றும் உறுதியாகத் தெரியாமலே.

இத்தனை நாளும் அவர் ஏன் முடி வளர்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. நாகரிகம் கருதி அல்ல. அவர் கேட்கிற கேள்விகளுக்கு நடுவில் என் கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை. ஸ்டைலுக்கு என்றால் ஆள் அப்படி இல்லை. சட்டையின் மேல் பட்டன் வரை போடுகிறவர். சாமியார் என்றால், எந்தச் சாமியார் மொபைலில் மூன்று நிமிடம் வைத்து முடியை அலசுகிறார்?

அவருடைய மனைவி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

காடாம்புலியூர்க்காரி. முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் வேலை. விரல்களெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தது. கடைக்குள் விறுவிறுவென்று வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நீங்கதான் அந்த மேடமா? எங்க வூட்டு மனுஷனுக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

நான் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தேன்.

"காலையில எழுந்து சோறாக்கறதா, அவருக்குப் பின்னல் போடறதா? பின்னல் போடறதுகூட பரவால்லங்க. அது சாமி முடிங்க. முருகனுக்கு வேண்டிக்கினு ஏழு வருஷமா கத்தி படாம வச்சிக்கினு இருக்காரு. வேலை பர்மனென்ட்டு ஆவுற வரைக்கும் முடி எடுக்க மாட்டேன்னு. அதுல போயி வாசனை மருந்து தடவலாங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. அவர் சொல்லவே இல்லையே" என்றேன்.

"அவரு எங்க சொல்லுவாரு? கேக்கத்தான் தெரியும்." கோபம் கொஞ்சம் இறங்கியதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஐடிஐ முடித்துவிட்டு, கணவர் இத்தனை வருடமும் கான்ட்ராக்டில் ஓட்டியதைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பரீட்சை எழுதுவாராம். ஒரு கேள்வியில் நின்று அதற்கு உறுதியான விடை எதுவென்று யோசித்துக்கொண்டே இருந்து, நேரம் முடிந்துவிடுமாம். "தெரியாததுனால விடலைங்க. எல்லாம் தெரியும். உறுதியா தெரியணும் அவருக்கு."

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "அந்த பாக்கெட்டு எனக்கும் ஒண்ணு குடுங்க. அவரு முடியப் பாத்தா எனக்கே ஆசையா இருக்குது" என்றார்.

அடுத்த நாளே அவர் வந்தார். மனைவி வந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கும்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் இருந்தது.

"மேடம், முடி சாமிது. தலை என்னுது. சிக்கெடுக்கும்போது வலிக்கிறது எனக்கு. அப்ப கண்டிஷனர் போட்டா, அது சாமிக்குச் செய்யறதா, எனக்குச் செய்துக்கறதா?"

"அதைக் கோவில்ல கேளுங்கண்ணே."

"கேட்டேன். சுத்தமா இருந்தா போதும்ன்றாரு குருக்களு. சுத்தம்னா எதுவரைக்கும்னு கேட்டேன். கோவிச்சிக்கினாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு பக்கம் கலக்கமாகவும் இருந்தது. என் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "சாமிக்குன்னு விட்ட ஆட்டுக்குத் தீனி வைக்க மாட்டாங்களா?" என்றாள் அம்மா. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "ஆட்டுக்குப் பசிக்கும். முடிக்குப் பசிக்குமா?" என்று கேட்டுவிட்டு, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மாதங்கள் இப்படியே போயின. அவர் வராத வாரத்தில் எனக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். வந்தால் மண்டை காயும்.

பிறகு ஒரு நாள் லட்டு டப்பாவோடு வந்தார். வெள்ளைச் சட்டை. பின்னல் முதுகில் தொங்கியது. ஆனால் லட்டு கொண்டுவருகிற முகம் இல்லை.

"தம்பிக்கு பர்மனென்ட்டு கெடைச்சிடுச்சி மேடம். இந்த வாட்டி ரெண்டு பேரும் எழுதனோம். அவன் பாஸு."

"ரொம்ப சந்தோஷம்ணே! உங்களுக்கு?"

"எனக்கு வயசு தாண்டிப் போச்சு. இதான் கடைசி."

நான் எடுத்த லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"வூட்ல எல்லாரும் சொல்றாங்க, வேண்டுதல் நெறவேறிடுச்சி, போயி மொட்டை போடுன்னு. சரி. ஆனா நான் அன்னிக்கு முருகன்கிட்ட இன்னா சொன்னேன்னு ஞாபகம் வர மாட்டேங்குது. 'எனக்கு ஒரு பர்மனென்ட்டு வேலை குடு'ன்னு சொன்னனா, 'எங்க வூட்டுக்கு ஒரு பர்மனென்ட்டு வேலை குடு'ன்னு சொன்னனா? எங்க வூட்டுக்குன்னு சொல்லியிருந்தா, எடுக்காம இருக்கறது தப்பு. எனக்குன்னு சொல்லியிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியதில்லை. 'எனக்கு' என்று சொல்லியிருந்தால், அந்த முடியை எடுக்கிற நாள் இனி வராது. எடுத்துவிட்டால், 'எனக்கு இனி கிடைக்காது' என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். முதன்முறையாக அவர் கேட்டது எனக்கு முழுதாகப் புரிந்தது.

"மனசுல என்ன நெனைச்சீங்களோ அதுதான சாமிக்குக் கேட்டிருக்கும்?" என்றேன்.

"அன்னிக்கு மனசுல தம்பியும் இருந்தான் மேடம். சின்னப் பையன். பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தான்."

இந்த விஷயம் தம்பிக்கும் போயிருக்கிறது. வேலையில் சேருவதற்கு முன்னால் அவன் யாரிடமும் சொல்லாமல் போய்த் தானே மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேலை கிடைத்தது எனக்கு, முடியையும் நானே கொடுத்துவிட்டேன், அண்ணனை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றானாம். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அது அவரை இன்னும் குழப்பிவிட்டது. வளர்த்தது ஒருவர், கொடுத்தது ஒருவர் என்றால் கணக்கு எப்படி நேராகும்? அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில், ஒருவர் இடுப்பு வரை முடியோடும் ஒருவர் மொட்டைத் தலையோடும், முகத்துக்கு முகம் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மனைவி வந்து சொல்லி அழுதார்.

ஆடி மாதம் பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அவரும் மனைவியும் வந்தார்கள். அவர் தலைக்குக் குளித்து முடியைக் காயவிட்டிருந்தார். ஈரம் முழுதாகப் போகவில்லை.

"மேடம், பொம்பளைங்க பூமுடி குடுக்கறாங்கல்ல? மொட்டை போடாம, கொஞ்சமா?"

"ஆமா."

"ஆம்பளை குடுக்கலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் தொடர்ந்தார். கோவிலில் முடி எடுப்பவரிடம் கேட்டாராம். ஆம்பளைக்கு மொட்டைதான், இல்லையென்றால் வேறு ஆளைப் பார் என்றாராம். "பாதி எடுத்துடுங்க மேடம். பாதி குடுத்துடறேன். தம்பிக்குக் கெடைச்சதுக்கு. மீதி இருக்கட்டும்."

"மீதி எதுக்குண்ணே?" அவ்வளவு நாள் அவரிடம் பழகியதில் அந்த வழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தெரியலைங்க" என்றார்.

ஒன்றரை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தெரியாத எதையும் கேள்வியாக்கித்தான் எடுத்து வருவார்.

நான் அதுவரை ஒரு ஆணுக்கும் முடி வெட்டியதில்லை. நேர்ந்த முடியில் கத்தரி வைக்கலாமா என்று பயமாக இருந்தது. ஏதாவது ஆனால் அந்தப் பழி என் தலையில் விழும். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யோசிக்காதீங்க மேடம். நீங்களும் யோசிச்சீங்கன்னா எங்களால ஆவாது" என்றார்.

கடைக்கு வெளியே, தகரக் கூரையின் நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். முடியை இறுக்கமாகப் பின்னி, மேலே ஒரு ரப்பர் பேண்ட், கீழே ஒன்று. தோளுக்குக் கீழே நான்கு விரல் அளந்து காட்டினேன். "இங்கயா?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீங்களே பாத்துக்குங்க" என்றார். பின்னல் கனமாக இருந்தது. ஒரே வெட்டில் போகவில்லை. ஐந்தாறு முறை கத்தரி போட வேண்டியிருந்தது. கடைசிப் புரி அறுந்து பின்னல் என் கையோடு வந்தபோது, அவருடைய கழுத்து தானாக ஒரு முறை முன்னால் ஆடி நின்றது. மனைவி ஒரு மஞ்சள் துணியை விரித்து அதை வாங்கிக்கொண்டார். இருவரும் அப்படியே காடாம்புலியூர் முருகன் கோவிலுக்கு பஸ் ஏறப் போனார்கள்.

நான் அன்று முழுவதும் நிம்மதியில்லாமல் இருந்தேன். ஒரு மனிதரின் கடைசி நம்பிக்கையில் பாதியை வெட்டிவிட்டேனா, அவர் கழுத்திலிருந்த பாரத்தில் பாதியை இறக்கிவிட்டேனா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றலாகி, கடையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. மனைவி மட்டும், நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நாளில், ஒரு பை முந்திரிப்பருப்போடு வந்தார். கோவிலில் என்ன நடந்தது என்று அவரிடம்தான் கேட்டேன்.

"முடிய உண்டியல் பக்கத்துல வச்சிட்டு அர்ச்சனைக்கு நின்னோம். குருக்களு தட்டை வாங்கிக்கினு, 'யார் பேருக்கு?'ன்னு கேட்டாரு. இவரு வாயத் தொறக்கல. பின்னால வரிசை நிக்குது. தம்பி பேரச் சொல்லுன்னு நான் கிள்றேன். உம் பேரயாவது சொல்லு மனுஷான்றேன். குருக்களு ரெண்டாவது வாட்டியும் கேட்டுட்டாரு. அப்பறம் இவரு சொன்னாரு, 'சாமி பேருக்கே பண்ணிடுங்க'ன்னு."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பஸ்ஸுல ஏறுனா ஒவ்வொரு ஸ்டாப்பா எட்டிப் பாத்து, இது இன்னா ஊரு, இது இன்னா ஊருன்னு கேட்டுக்கினே வர்ற ஆளுங்க. அன்னிக்கு திரும்பி வர்றப்ப சீட்டுல உக்காந்ததும் என் தோள்ல சாஞ்சாரு. தூங்கிட்டாரு. நெய்வேலி ஆர்ச் கேட் வந்துது. எறங்கணும். எனக்கு எழுப்ப மனசு வரல மேடம். அப்படியே வடலூர் வரைக்கும் போயிட்டு, அப்பறம் வேற பஸ்ஸு புடிச்சித் திரும்பி வந்தோம்."